சோக் கேபிள் ஏன் சுடுகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து எழுதுகிறேன். வேலை ஓசூர் சிப்காட்டில். என் பெரியப்பா ஆசையாக வைத்திருந்த 1969-ஆம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார், அவர் போன பிறகு பதினோரு வருஷம் ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. போன வருஷம் இன்ஜினை இறக்கி ரிங், பேரிங் மாற்றி, சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுத்து, பாடிக்கு பெயின்ட் அடித்து வெளியே எடுத்தோம். பார்க்க அழகாக இருக்கிறது, ஓட்டத்தான் முடியவில்லை. ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிகிறது, 100 வாட் பல்பு போட்டும் அப்படியே. டெம்பரேச்சர் முள் எச் வரை ஏறுகிறது, ரேடியேட்டரோ கொதிக்கவில்லை. பத்து லிட்டர் பெட்ரோலுக்கே பெட்ரோல் முள் ஃபுல் காட்டுகிறது. பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் ஒரு நாள் சுற்றுகிறது, ஒரு நாள் முனகுகிறது. சோக் கேபிள் புகைந்து இறுகிப்போனது; புதுசு போட்டோம், மூன்றே வாரத்தில் அதுவும் இறுகிவிட்டது. இருபது கிலோமீட்டர் ஓடினால் வண்டி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. ஒரு எலெக்ட்ரீஷியன் முழு ஒயரிங்கும் மாற்ற 70,000 கேட்கிறார். இன்னொருவர் டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டரும், பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் போடச் சொல்கிறார். எதைச் செய்வது? அடுத்த மாதம் பெரியம்மாவை ஏற்காடு கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் வேலை எல்லாம் முடிந்தது, முன் சக்கரத்துக்கு கிரீஸ்கூட அடித்தாயிற்று.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். ஒன்று, சோக் கேபிள் புகைந்தது. இன்னொன்று, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முன் சக்கரத்துக்கு கிரீஸ் அடித்தாயிற்று என்று, அது. முதலாவது உங்கள் எழுபதாயிரத்தை மிச்சப்படுத்தும். இரண்டாவது சரியாகிற வரைக்கும் பெரியம்மாவை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

சோக் கேபிளிலிருந்து ஆரம்பிப்போம். டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டரின் சோக்கை இழுக்கிற வெறும் இரும்புக் கம்பி அது. அதற்குள் கரன்ட் போக வேண்டிய வேலையே இல்லை. அப்புறம் ஏன் புகைகிறது? நீங்கள் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் கரன்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. போன கரன்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பேட்டரியின் மைனஸ் பாடியோடு இணைந்திருக்கிறது, அதைத்தான் எர்த் என்கிறோம். செல்ஃப் மோட்டாரோ இன்ஜினில் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்ட்டிங் மேல். ரப்பரில் கரன்ட் போகாது. அதற்காகத்தான் இன்ஜினிலிருந்து பாடிக்கு, தலைப்பின்னல் மாதிரி பின்னிய ஒரு செம்புப் பட்டையை கம்பெனிக்காரன் போட்டிருப்பான். இன்ஜின் இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். ஏற்றும்போது மறந்துவிடுவார்கள். ஒரு போல்ட், ஒரு பட்டை, அழுக்காக வேறு இருக்கும், பழைய இரும்புச் சாமான் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

பட்டை இல்லையென்றால் அத்தனை ஆம்பியரும் வேறு வழி தேடும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற உலோகம் வேறு என்ன இருக்கிறது? சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு. கட்டை விரல் தடிமன் ஒயரில் போக வேண்டிய கரன்ட் சைக்கிள் பிரேக் கம்பி கனத்தில் இருக்கிற கேபிளில் போனால் ஹீட்டர் காயில் மாதிரி அது பழுக்கத்தான் செய்யும். உள்கம்பியும் வெளிச்சுருளும் அங்கங்கே பற்றிக்கொண்டு இறுகிவிடும். அடுத்த புது கேபிளும் அதே கதிதான். கேபிள் விற்றவர் மேல் தப்பு இல்லை.

இப்போது மற்ற தொல்லைகளை இதோடு சேர்த்துப் பாருங்கள். டைனமோவும் இன்ஜினில்தான் இருக்கிறது. அது தயாரிக்கிற கரன்ட்டும் இந்தப் பட்டை வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். பட்டை இல்லாத வண்டியில் டைனமோ ஒழுங்காக சார்ஜ் பண்ணாது. பேட்டரி புதுசாக இருந்தும் பாதி வயிற்றோடு நிற்கும். செல்ஃப் ஒரு நாள் சுற்றும், ஒரு நாள் முனகும். டெல்கோவுக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கைக் கிளப்புகிற பாயின்ட் எர்த் ஆவதும் இன்ஜின் வழியாகத்தான். ஆக, ஸ்பார்க்கும் பலவீனம். (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரை, எந்த வண்டியாக இருந்தாலும், நம் ஊரில் டெல்கோ என்றுதான் சொல்வோம். மார்க் 3-ல் பெரும்பாலும் நிஜமாகவே டெல்கோ ரெமி கம்பெனியின் டெல்கோதான் இருக்கும்.)

இதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டெல்கோ மூடியின் நடுவில் இருக்கிற காயில் ஒயரைப் பிடுங்கி எர்த் பண்ணிவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் முளையிலேயே இருக்கட்டும். கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், முளை மேல். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடியுங்கள். கூட ஒருவரை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த் என்றால் மீட்டர் 0.2, 0.3-க்குள் நிற்கும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே கோளாறு. உங்கள் வண்டியில் மூன்று, நான்கு காட்டினால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த மூன்று வோல்ட்தான் சோக் கேபிளைச் சுட வைக்கிற மூன்று வோல்ட்.

அப்புறம் ஒரு ஜம்ப்பர் கேபிளை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜினிலும் கடித்துவிட்டு மறுபடி செல்ஃப் அடியுங்கள். குரல் மாறும். முனகல் போய் சடசடவென்று சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு உங்களுக்கே 70,000 ரூபாய் யோசனை விட்டுப்போகும்.

பட்டை வாங்குவது சில நூறு ரூபாய் விஷயம். மாட்டுகிற இடம்தான் முக்கியம். ஸ்பிட்ஃபயருக்கு இன்றைய கார் மாதிரி பாடியே சேஸிஸ் இல்லை. தனி சேஸிஸ், அதன் மேல் பாடி, நடுவில் பேட். சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுத்திருக்கிறீர்கள். பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக். துருவும் ஏறாது, கரன்ட்டும் ஏறாது. எர்த் மாட்டுகிற ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிகிற வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸலின் தடவிவிடுங்கள். புதுப் பெயின்ட்டைச் சுரண்ட மனசு வராதுதான். எனக்குத் தெரிந்து பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களுக்கு வருகிற கரன்ட் தொல்லையில் முக்கால்வாசி இந்த மனசு வராததில்தான் ஆரம்பிக்கிறது. நான் என் பங்குக்கு இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து பாடிக்கு ஒன்று, இரண்டு பட்டை போடுவேன்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை. உங்கள் மார்க் 3 மைனஸ் எர்த் வண்டி. அதற்கு முந்தைய ஸ்பிட்ஃபயர்கள் பிளஸ் எர்த். ஐம்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்களோ, எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். நான் சேலத்தில் தொழில் கற்ற காலத்தில், பிளஸ் எர்த் என்று தெரியாமல் ஒரு பழைய ஹெரால்டு காரில் பேட்டரியைத் திருப்பி மாட்டி, அதன் ரேடியோவைப் பொசுக்கினேன். முதலாளி அடிக்கவில்லை. மூன்று மாதம் பேட்டரி மேல் என்னைக் கை வைக்க விடவில்லை, அவ்வளவுதான்.

சரி, முள்ளுக்கு வருவோம். டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் தனித்தனியாகத் தப்பு காட்டினால் தனித்தனிக் கோளாறு. இரண்டும் சேர்ந்து ஏறினால் ஒரே இடம்தான்: இந்த இரண்டு மீட்டருக்கும் பொதுவாக டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு டப்பா இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி 12-ஓ 14-ஓ, எது வந்தாலும் சராசரியாகப் 10 வோல்ட்டாக மாற்றி மீட்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு ஹீட்டர் சுருளும் வளைகிற தகடும், அவ்வளவுதான். அந்தச் சுருள் சூடாக வேண்டுமென்றால் டப்பாவின் உடம்பு எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் விட்டுப்போனால் தகடு வளையாது, முழு வோல்டேஜும் அப்படியே மீட்டருக்குப் போகும், இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும். டேஷ்போர்டைக் கழற்றிப் பெயின்ட் அடித்தவர்கள் திரும்ப மாட்டும்போது அந்த எர்த்தை விட்டிருப்பார்கள். டப்பாவிலிருந்து பாடிக்கு ஒரு துண்டு ஒயர் கொடுத்துப் பாருங்கள், முள் இறங்கும். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று யாரும் செலவு வைக்க விடாதீர்கள்.

ஹெட்லைட் மங்கலுக்குப் பாதிக் காரணம் மேலே சொன்ன சார்ஜ் இல்லாமை. மீதிப் பாதி அந்த வண்டியின் பிறவிக் குணம். ஸ்பிட்ஃபயரில் மூக்கு முழுவதுமே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கிறது, ஹெட்லைட்டும் அதோடு போகிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் விளக்கு ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. வழியில் ஒயரை ஒயரோடு சேர்க்கிற புல்லட் கனெக்டர்கள் வேறு. ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே பச்சைக் களிம்பு இருக்கும், நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுகிற அதே களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த ஸ்லீவை மாற்றிவிடுங்கள். விளக்கின் எர்த் ஒயரையும் அப்படியே.

100 வாட் பல்பை இன்றைக்கே கழற்றுங்கள். தயவுசெய்து. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டியில் ஃபியூஸை விரல் விட்டு எண்ணலாம். ஹெட்லைட் சுற்றுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. முழுக் கரன்ட்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. மங்கலாக எரிகிறதென்று பெரிய பல்பு போட்டால் வெளிச்சம் கூடாது, ஒயரின் சூடுதான் கூடும். 60/55 வாட் ஹாலஜன் போடுங்கள், ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்றாக இரண்டு ரிலே, ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ். பழைய ஒயர் ரிலேவை மட்டும் தட்டி எழுப்பும். பல்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகப் புதுக் கனத்த ஒயர். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் எந்தப் பழைய வண்டிக்கும் தயங்காமல் செய்வேன்.

ஒயரைத் தேடும்போது கலர் பழகிக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பாஷைதான். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் கரன்ட், ஃபியூஸ் இல்லை. ஸ்பானர் பட்டால் பொறி பறக்கும். வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அந்த வெள்ளையே ஃபியூஸ் தாண்டி வந்தது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். உங்கள் வண்டியில் நடுவில் வீட்டு ஒயரிங் ஒயர் ஓடினால், அது பெரியப்பா காலத்தில் யாரோ அவசரத்துக்குச் செய்தது. அதை மட்டும் உருவி எடுத்துவிட்டுச் சரியான ஒயர் போட்டால் போதும். துணி மாதிரி இற்றுப்போன, மடக்கினால் தோல் உதிர்கிற ஒயரிங் என்றால் மட்டுமே முழுதாக மாற்ற வேண்டும்.

இருபது கிலோமீட்டரில் நிற்பதற்கு இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் பண்ண முடியாது. எர்த் பட்டை போட்டதுமே அது நின்றுபோகலாம். போகவில்லை என்றால், கூடவே ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கும், ஒரு டெஸ்ட் லாம்பும், ஒரு புதுக் கண்டன்சரும் (பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்கிற சின்ன உருளை) வண்டியில் வைத்துக்கொண்டு கே.ஆர்.பி. அணை வரை இரண்டு மூன்று தடவை போய் வாருங்கள். அது நிற்கத்தான் போகிறது, வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். நின்றதும் டீக்கடையைத் தேடாதீர்கள். முதல் மூன்று நிமிஷம்தான் விஷயம். ஆறிவிட்டால் சாட்சி போய்விடும்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது, அதுதான் காரணம், வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒரு பிளக் ஒயரைப் பிடுங்கி, பழைய பிளக்கை மாட்டி, அதன் உடம்பு இன்ஜினில் படுகிற மாதிரி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் இதைச் செய்யாதீர்கள். பளீரென்று நீலப் பொறி வந்தால் இக்னிஷன் நல்லா இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போங்கள். பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தாலோ வராமலே போனாலோ, டெஸ்ட் லாம்பை எடுங்கள். அதன் ஒரு முனை எர்த்தில், இன்னொன்று காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகிற சின்ன ஒயர் முனையில். செல்ஃப் சுற்றும்போது பல்பு மினுக் மினுக்கென்று அடிக்க வேண்டும். பாயின்ட் திறந்து மூடுகிறது என்று அர்த்தம். பல்பு எரியவே இல்லையென்றால் பெரும்பாலும் கண்டன்சர் உள்ளே ஷார்ட், அல்லது பாயின்ட்டின் இன்சுலேஷன் வாஷர் தப்பாக மாட்டியிருக்கிறது. எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை. மினுக்குகிறது, ஆனால் பொறி மஞ்சள் என்றால் கண்டன்சரை மாற்றுங்கள்.

என் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். ஆறியிருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு சூட்டில் காலை வாருவது அதன் சுபாவம். இப்போது டப்பாவில் புதுசாக வருகிற கண்டன்சர் சிலது மாட்டிய அன்றே போகிறது. அதனால் பழசு வேலை செய்கிறதென்றால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பாயின்ட் திறக்கிற இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), மில்லிமீட்டரில் சுமார் 0.4.

பெட்ரோல் பக்கம் என்றால் இன்றைய பெட்ரோலையும் யோசிக்க வேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அந்த வண்டி பிறந்தபோது போட்ட ரப்பர் குழாய்களுக்கும் பம்ப் டயாஃப்ரத்துக்கும் எத்தனால் ஆகாது. ஊறி, மிருதுவாகி, உள்ளே உரியும். எத்தனால் கலந்தது சூட்டில் சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். ஸ்பிட்ஃபயரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டும் எக்ஸாஸ்ட்டுக்கு நேர் மேலே, ஒரே பக்கம். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த இடம் இட்லிப் பானைதான். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும், இன்ஜின் ஏற்றும்போது அதையும் மறந்தார்களா என்று பாருங்கள். குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சொட்டு ஒழுகினால் அது விழுவது பழுத்த இரும்பின் மேல். தீயணைப்பு சிலிண்டர் சின்னது ஒன்று சீட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஆல்டர்னேட்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன் இரண்டுமே கெட்ட யோசனை இல்லை. ஆனால் இப்போது வேண்டாம். எர்த் இல்லாத வண்டியில் ஆல்டர்னேட்டர் போட்டாலும் அதே கதைதான், கூடவே அதன் டயோடும் போகும். டைனமோ 22 ஆம்பியர் கொடுக்கும். இரண்டு ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேர்த்து அதற்குள் அடங்கும். ஐடிலில் சிவப்பு விளக்கு லேசாக எரிவது டைனமோ வண்டிக்கு இயல்பு, பயப்படாதீர்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி வந்தால், சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கட்-அவுட் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். பார்த்தவர் எல்லாம் அதன் ஸ்குரூவைத் திருகித்தான் அது கெடுகிறது.

இப்போது கிரீஸ்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டு கீழே முடிகிற இடத்தில் மரை இருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும், ட்ரனியன் என்று பெயர். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு, போல்ட் நட்டுக்குள் திரும்புகிற மாதிரி, அந்த மரையிலேயே திரும்புகிறது. சக்கரத்தின் பாரம் முழுக்க அந்த மரையில். அதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் இல்லை, ஆயில். கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற ஈ.பி. 90. கிரீஸ் கன்னால் அடித்தால் கிரீஸ் மரை இடுக்குக்குள் முழுதாக ஏறாது; வாயிலேயே நின்று காலப்போக்கில் மெழுகு மாதிரி இறுகிவிடும். பின்னால் ஆயில் விட்டாலும் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் இறங்கி, தண்டின் மரை துருப்பிடித்து, ஒரு நாள் அந்த இடத்தில் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் வீட்டு வாசலில் திருப்பும்போது நடக்கும்.

என் பட்டறைக்கு ஒரு தடவை லாரி மேல் ஏறி ஒரு ஹெரால்டு வந்தது. அதுவும் இதே குடும்பம்தான். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரை 1962-ல் கொண்டுவந்தார்கள், இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முறிந்த தண்டை வைஸில் பிடித்து ட்ரனியனைக் கழற்றினேன். அடிப்பக்கம் புத்தம் புது மஞ்சள் கிரீஸ், மணக்கிறது. அரை அங்குலம் மேலே மரை காய்ந்து, செங்கல் பொடி மாதிரி துரு. வண்டிக்காரர் மாதா மாதம் கிரீஸ் அடித்திருக்கிறார், பாவம்.

ஆகவே நீங்கள் இரண்டு பக்கமும் கழற்றித்தான் ஆக வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, பழைய கிரீஸை முழுக்க எடுத்து, மரையை நகத்தால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால், மெல்லிசாகியிருந்தால், தண்டு மாற்ற வேண்டும்; வெல்டு வைக்கிறேன், லேத்தில் கடைந்து தருகிறேன் என்று ஓசூரில் யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிர் எதிர்த் திசை, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மாட்டிய பிறகு ட்ரனியனில் இருக்கிற பிளக்கைக் கழற்றி, நிப்பிள் போட்டு, ஆயில் கன்னால் ஈ.பி. 90-ஐ மேலே சீல் ஓரம் கசிகிற வரை ஏற்றுங்கள். தரையில் நாலு சொட்டு விழும், விழட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதையே செய்யுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கூடுதலாக. கிரீஸ் கன் வைத்திருக்கிறவர் யார் வந்தாலும் அந்த இடத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

உதிரிக்கு ரொம்பக் கவலை வேண்டாம். ஹெரால்டு 1961-லிருந்து சென்னையிலேயே தயாரான வண்டி, அதன் சாமான் சிலது ஸ்பிட்ஃபயருக்கும் உறவு. புதுப்பேட்டையிலும் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் பழைய கடைகளில் சாமானைக் கையில் கொண்டுபோய் அளவு வைத்துக் கேளுங்கள். ட்ரனியன், தண்டு மாதிரி உயிர் போகிற சாமானை மட்டும் இங்கிலாந்திலிருந்து புதுசாக வரவழையுங்கள்.

ஏற்காடு போவதாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். பிரேக்: அந்த வண்டிக்குப் பெரும்பாலும் ஒரே சுற்றுதான், ஒரு குழாய் போனால் நாலு சக்கரமும் போச்சு. பதினோரு வருஷம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாற்றியாக வேண்டும்; பெடல் கெட்டியாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தால் பிரேக் பிடிக்கும், விடாது. பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கி சக்கரக் குடத்தைத் தொட்டால் எது விடவில்லை என்று தெரியும்.

இன்னொன்று தொப்பூர். தர்மபுரி தாண்டி அந்த இறக்கத்தில் எத்தனை லாரி கவிழ்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மார்க் 3-ன் பின் சக்கரம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரத்தோடு ஆக்சிலும் சேர்ந்து மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்ளே மடிகிற மாதிரி சாயும், வால் வெளியே வீசும். கம்பெனியே 1970-ல் மார்க் 4 கொண்டுவந்தபோது பின் ஸ்பிரிங்கை இதற்காக மாற்றியது. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்து, கியரை இறக்கி, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்தபடியே வெளியே வாருங்கள். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசிக்கும் இதே முறைதான். தொப்பூரில் லாரிக்குப் பக்கவாட்டில் நிற்காதீர்கள். உங்கள் வண்டியின் உயரத்துக்கு லாரிக்காரர் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். காலையில் வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த மாதம் என்பது அவசரம். ட்ரனியனும் பிரேக்கும் முடிந்து, முதலில் ராயக்கோட்டை, அப்புறம் தர்மபுரி என்று இரண்டு தடவை நிற்காமல் போய் வந்த பிறகு பெரியம்மாவுக்குத் தேதி சொல்லுங்கள். தர்மபுரி வரும்போது என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள், பணம் வேண்டாம், அந்த மரையை நானும் ஒரு தடவை நகத்தால் தடவிப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் எத்தனை வோல்ட் காட்டியது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.